தீபாவளி ராத்திரி ஓடிப்போன "மணி": 23 நாள் தெருத்தெருவாகத் தேடிய குடும்பம்!

சென்னை,-

கழுத்துப்பட்டை கொடியில் காய்ந்து கொண்டிருந்தது. நாயைக் காணோம்.

2025-ம் ஆண்டு தீபாவளி. அக்டோபர் 20-ந் தேதி, திங்கட்கிழமை. சென்னை ஓட்டேரியில் ஒரு குறுகலான சந்து. அங்கே ஒரு வீட்டில் அன்று காலை எல்லோருக்கும் எண்ணெய்க் குளியல். வீட்டு நாய் மணிக்கும் குளியல். குளிப்பாட்டியவர் பாட்டி. ஈரப் பட்டை கழுத்திலே கிடந்தால் புண் வந்து விடும் என்று அதைக் கழற்றிக் கொடியில் போட்டார். "சாயங்காலம் மாட்டிக்கலாம்" என்றார்.

சாயங்காலம் யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை.

இரவு 9 மணி இருக்கும். சந்து முனையில் பத்தாயிரம் வாலா கொளுத்தினார்கள். அதே நேரம் பக்கத்து வீட்டு அம்மா பலகாரத் தட்டோடு கதவைத் தள்ளிக் கொண்டு உள்ளே வந்தார். அவர் காலுக்கு நடுவே புகுந்து மணி ஓடியது. ஓடியது ஓடியதுதான்.

குடும்பத் தலைவர் லேத் பட்டறையில் வேலை பார்ப்பவர். மனைவி வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறார். ஒரே மகள், 9-ம் வகுப்பு. மணி விலைக்கு வாங்கிய நாய் இல்லை. 4 வருஷத்துக்கு முன்னால் மழை நாளில் குப்பைத் தொட்டி ஓரம் நடுங்கிக் கொண்டிருந்த குட்டி. செவலை நிறம். நெஞ்சில் வெள்ளைத் திட்டு. வாலின் நுனி வெள்ளை. அந்த நிறத்தில் சென்னையில் எத்தனை ஆயிரம் நாய் இருக்கும் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. இந்தக் குடும்பம் பட்ட பாடு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

ஏன் திரும்பி வரவில்லை?

"நாய்தானே, மோப்பம் பிடிச்சு வந்துடும்" என்று அக்கம்பக்கத்தார் ஆறுதல் சொன்னார்கள். சாதாரண நாளாக இருந்தால் வந்திருக்கும். தீபாவளி ராத்திரி கதை வேறு.

தமிழ்நாட்டில் 2018-ம் ஆண்டில் இருந்து தீபாவளி அன்று பட்டாசு வெடிக்கக் காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று 2 மணி நேரம்தான் அனுமதி. எத்தனை மணி வரை வெடிச்சத்தம் கேட்கிறது என்பது ஊருக்கே தெரியும். நாய்க்கு மனிதனை விடக் கூர்மையான காது. நமக்குக் கேட்காத கீச்சு ஒலி கூட அதற்குக் கேட்கும். நாலா பக்கமும் வெடித்தால் அது சத்தம் குறைந்த பக்கமாக ஓடும். அங்கேயும் வெடித்தால் இன்னும் ஓடும். வீடு எந்தத் திசை என்ற நினைப்பே அப்போது இருக்காது.

வெடிச்சத்தம் அடங்கிய பிறகு திரும்பி வரலாமே என்றால், அங்கேதான் தெரு நாய்கள் நிற்கின்றன. சென்னையில் தெருவுக்கு ஒரு கோஷ்டி. புதுசாக ஒரு நாய் நுழைந்தால் ஊரைக் கூட்டிக் குரைத்து, எல்லை வரை விரட்டி விட்டுத்தான் ஓயும். அடுத்த தெரு கோஷ்டி அங்கிருந்து ஆரம்பிக்கும். பந்து போல அடிபட்டுப் போன நாய்க்கு, திரும்பி வரும் வழி முழுக்க எதிரிகள். நடுவில் ஓட்டேரி நல்லா கால்வாய். கொஞ்சம் தள்ளி ரெயில் பாதை. போதாக்குறைக்கு அந்த வாரம் மழை. வந்த வழியின் வாசனையும் கழுவிக் கொண்டு போய் விட்டது.

இன்னொரு சங்கதி பலருக்குத் தெரியாது. மிரண்டு போன நாய், சொந்தக்காரர் கூப்பிட்டாலே ஓடும். அதற்கு அந்த நேரத்தில் மனிதக் குரல் எல்லாமே விரட்டுகிற குரல்தான். குடும்பத் தலைவரும் நாலு நண்பர்களும் அன்றைக்கு ராத்திரி மோட்டார் சைக்கிளில் "மணி, மணி" என்று கத்திக் கொண்டே பட்டாளம், புளியந்தோப்பு, ஜமாலியா என்று சுற்றினார்களே, அது உதவியதா, உபத்திரவம் செய்ததா என்று சொல்ல முடியாது.

"விலை எவ்வளவு?"

செவ்வாய்க்கிழமை காலை. தாயும் மகளும் போலீஸ் நிலையம் போனார்கள். ஏட்டு பொறுமையாகத்தான் கேட்டார்.

"என்ன ஜாதி நாய்?"

"நாட்டு நாய் சார்."

"என்ன விலை?"

"விலைக்கு வாங்கல சார். தெருவுல கெடந்துச்சு."

ஏட்டு பேனாவை வைத்து விட்டார். "விலை ஏதாவது போட்டாத்தாம்மா எழுத முடியும்" என்றார்.

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சட்டத்தின் கண்ணில் நாய் ஒரு சொத்து. அதைத் திருடினால் திருட்டுக் குற்றம். 1860-ம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தை எழுதியவர்கள் திருட்டுக்குக் கொடுத்த உதாரணங்களில் ஒன்றே நாய்தான். ஒருவன் பையில் தின்பண்டம் வைத்துக் கொண்டு அடுத்தவன் நாய்க்கு ஆசை காட்டுகிறான். நாய் அவன் பின்னால் நடக்க ஆரம்பித்த அந்த நிமிடமே திருட்டு முடிந்து விட்டது என்பது அதன் பொருள். 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும், 303-வது பிரிவில் அந்த நாய் அப்படியே இருக்கிறது.

புதுச் சட்டத்தில் ஒன்று மட்டும் சேர்ந்திருக்கிறது. திருடிய பொருளின் மதிப்பு 5 ஆயிரம் ரூபாய்க்குக் குறைவு, திருடியவருக்கு அது முதல் குற்றம், பொருளும் திரும்பி வந்து விட்டது என்றால் ஜெயில் கிடையாது. சமூக சேவைதான் தண்டனை. 5 ஆயிரத்துக்குக் குறைந்த திருட்டில் மாஜிஸ்திரேட்டு உத்தரவு இல்லாமல் போலீசார் தாங்களாகப் புலன் விசாரணையில் இறங்கவும் முடியாது. பணக்கார வீட்டு நாய்க்கு ரசீது இருக்கும். அரை லட்சம் என்று காட்டலாம். குப்பைத் தொட்டி ஓரம் கிடைத்த நாய்க்கு என்ன ரசீது காட்டுவது? நாலு வருஷம் போட்ட சோற்றுக்கு யார் பில் வைத்திருக்கிறார்கள்?

மேலும், மணியை யாரும் திருடவில்லை. தானாக ஓடியது. ஆகவே எப்.ஐ.ஆர். என்ற பேச்சுக்கே இடமில்லை. ஏட்டு புகாரை வாங்கிக் கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார். மகள் அந்தக் காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துக் கொண்டாள். 23 நாளும் அது அவள் புத்தகப் பையில் இருந்தது.

3 ஆயிரம் கேட்ட குரல்

பட்டறை முதலாளி தன் செலவில் 200 நோட்டீசு அடித்துக் கொடுத்தார். மணியின் படம், இரண்டு செல்போன் நம்பர், "கண்டுபிடித்துத் தருவோருக்குத் தக்க சன்மானம்". பொதுச் சுவரில் போஸ்டர் ஒட்ட 1959-ம் ஆண்டு சட்டத்தில் தடை இருக்கிறது. அதனால் டீக்கடை, பால் பூத், மருந்துக் கடை, அயர்ன் வண்டி என்று கேட்டுக் கேட்டு ஒட்டினார்கள். ஒரு காலத்தில் தூர்தர்ஷனில் "காணவில்லை" அறிவிப்பு வரும், ஊரே பார்க்கும். இப்போது வாட்ஸ்அப். ஒரே நாளில் மணியின் படம் தாம்பரம் வரை போய் விட்டது. ஓட்டேரி பால்காரருக்கு மட்டும் போய்ச் சேரவில்லை!

மூன்றாம் நாள் போன் வந்தது. "உங்க நாய் எங்கிட்டதான் இருக்கு. 3 ஆயிரம் ஜிபே பண்ணுங்க, கொண்டாந்து விடறேன்."

குடும்பத் தலைவர் பணம் அனுப்பியே இருப்பார். தடுத்தவர் மனைவி. நோட்டீசு அடிக்கும்போதே அவர் கெட்டிக்காரத்தனமாக ஓர் அடையாளத்தை மறைத்து வைத்திருந்தார். "நாய் உக்காந்தா என்ன பண்ணும், சொல்லுங்க" என்று கேட்டார். எதிர்முனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் போன் கட்.

அதே மாதிரி இன்னும் இரண்டு அழைப்பு. ஒருவன் ஆட்டோ வாடகை மட்டும் கேட்டான். ஒருவன் முதலில் பாதி, பிறகு பாதி என்று தவணை சொன்னான். பிராணியைத் தொலைத்தவர்களின் தவிப்பை வைத்துப் பிழைக்க இப்படிச் சிலர் கிளம்பி விடுகிறார்கள். நோட்டீசில் எல்லா அடையாளத்தையும் கொட்டி விட்டால் இவர்களைச் சோதிக்க வழி இருக்காது. படம் போடலாம். நிறம் போடலாம். ஒன்றை மட்டும் வீட்டாரே வைத்துக் கொள்ள வேண்டும்.

பாட்டியின் பயம்

பாட்டி சாப்பாட்டைக் குறைத்து விட்டார். பட்டையைக் கழற்றிய கை தன் கை என்ற குற்ற உணர்ச்சி. "வண்டில புடிச்சிட்டுப் போயிட்டாங்களோ" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்.

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. அவர் சின்ன வயதில் பார்த்த சென்னை வேறு. கம்பிச் சுருக்கோடு ஆட்கள் இறங்குவார்கள். கழுத்தில் பட்டை இல்லாத நாய் எல்லாம் வண்டிக்குள் போகும். போனது போனதுதான். பிடித்த நாயைக் கொல்வதே அப்போது மாநகராட்சியின் வழி. ப்ளூ கிராஸ் அமைப்பு பல வருஷம் வாதாடி, 1996-ல் சென்னையில் அது மாறியது. கொல்வதற்குப் பதில் கருத்தடை ஆபரேஷன், வெறிநாய்த் தடுப்பூசி, பிடித்த இடத்திலேயே திரும்ப விடுதல். 2001-ல் மத்திய அரசு இதையே நாடு முழுவதற்கும் விதியாக்கியது. 2023-ல் புது விதி வந்தது. ஆபரேஷன் ஆன நாய்க்கு அடையாளமாகக் காதில் ஒரு சின்ன வெட்டு.

"இப்பல்லாம் கொல்ல மாட்டாங்க பாட்டி" என்று பேத்தி சொல்லிப் பார்த்தாள். பாட்டி நம்பவில்லை. அவருக்கு நாய் வண்டி என்றால் எமன் வண்டிதான்.

பாட்டிக்காகவே 23-ந் தேதி குடும்பத் தலைவர் லீவு போட்டு விட்டு மாநகராட்சியின் கருத்தடை மையத்துக்குப் போனார். கூண்டு கூண்டாகப் பார்த்தார். செவலை நாய் ஏழெட்டு இருந்தது. மணி இல்லை. அங்கிருந்து வேப்பேரி. பிராணி வதைத் தடுப்புச் சங்கத்தில் கேட்டார். கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில், அடிபட்ட நாய் ஏதாவது வந்ததா என்று கேட்டார். இல்லை. ஒரு நாள் சம்பளம் போயிற்று. மறுநாள் பட்டறைக்குப் போய் விட்டார். மறுபடியும் மையத்துக்குப் போக வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அந்த மறுநாள்தான் முக்கியமான நாள் என்பது பிற்பாடு தெரிந்தது.

டெல்லியில் இருந்து வந்த உத்தரவு

நவம்பர் பிறந்தது. மணி வரவில்லை. தேடுவதும் குறைந்தது. பகலில் தைப்பதும் ராத்திரி 11 மணிக்கு மேல் டார்ச்சும் கிண்ணமுமாகத் தெருவில் நடப்பதுமாக மனைவி மட்டும் விடவில்லை.

அந்த நேரத்தில்தான் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு. தெரு நாய் விவகாரம் அங்கே 2025-ம் ஆண்டு ஜூலையில் ஆரம்பித்தது. ஆகஸ்டு 11-ந் தேதி, டெல்லி வட்டாரத் தெரு நாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க வேண்டும் என்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் இருவரும் உத்தரவிட்டார்கள். நாடு முழுவதும் கூச்சல். ஆகஸ்டு 22-ந் தேதி 3 நீதிபதிகள் பெஞ்சு அதை மாற்றியது. ஆபரேஷன் செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டு விடலாம். வெறி பிடித்த நாயையும் கடிக்கிற நாயையும் மட்டும் விடக் கூடாது என்றது. வழக்கை எல்லா மாநிலங்களுக்கும் விரித்தது.

நவம்பர் 7-ந் தேதி அடுத்த உத்தரவு. பள்ளி, கல்லூரி, ஆஸ்பத்திரி, விளையாட்டு மைதானம், பஸ் நிலையம், பஸ் டெப்போ, ரெயில் நிலையம் ஆகிய இடங்களில் உள்ள தெரு நாய்களை அகற்ற வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு பிடித்த இடத்தில் திரும்ப விடக் கூடாது. காப்பகத்தில்தான் வைக்க வேண்டும்.

குழந்தைகளை நாய் கடிக்கிறது, வெறிநோய் வந்தால் பிழைப்பே இல்லை, அதனால் உத்தரவில் நியாயம் இருக்கிறது என்று சொல்பவர்கள் ஏராளம். அவர்கள் சொல்வது வெறும் பேச்சு அல்ல. இந்த வீட்டு மகளையே ஐந்தாம் வகுப்பில் ஒரு தெரு நாய் கடித்து, ஊசி போட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி டி.வி. செய்தியைப் பார்த்த மனைவி கணக்குப் போட்டது வேறு. துரத்தப்பட்ட நாய் எங்கே போய் ஒதுங்கும்? மதில் சுவரும் நிழலும் மிச்சச் சோறும் உள்ள இடத்தில்தானே? ஆஸ்பத்திரி, டெப்போ, ஸ்டேஷன், பள்ளிக்கூடம்! தெரு நாய் ஒதுங்குகிற இடமும் தொலைந்த நாய் ஒதுங்குகிற இடமும் ஒன்றுதான். கழுத்தில் பட்டை இல்லாத செவலை நாயைப் பார்த்து, இது வீட்டு நாய் என்று யார் சொல்ல முடியும்?

"இனிமே புடிச்சா, புடிச்ச எடத்துலகூட விட மாட்டாங்க" என்று அவர் அழுதார்.

கை கொடுத்த நாய்

துப்பு கொடுத்தவர் ஒரு தூய்மைப் பணியாளர். விடியற்காலையில் பேட்டரி வண்டியில் குப்பை எடுக்கும் அம்மா. அவருக்கு வாட்ஸ்அப் கிடையாது. நவம்பர் 11-ந் தேதி டீக்கடையில் நோட்டீசைப் பார்த்தார். பார்த்ததும் அவருக்கு எதுவும் தோன்றவில்லை. செவலை நாய் ஊரெல்லாம் இருக்கிறது. டீ குடித்துக் கொண்டே மாஸ்டரிடம் சும்மா பேச்சு வாக்கில் சொன்னார்:

"டெப்போ செவுத்தாண்ட ஒண்ணு சுத்துது. கூப்ட்டா வராது. பிஸ்கட்டக் கீழ வச்சா, உக்காந்து கை நீட்டுது. ஷேக் ஹேண்டு குடுக்கற தெரு நாய நான் எங்கயும் பாத்ததில்ல."

டீ மாஸ்டர் நேரே சந்துக்கு ஆள் அனுப்பினார். விஷயத்தைக் கேட்ட மனைவி தையல் மெஷினை அப்படியே விட்டு எழுந்தார். நோட்டீசில் அவர் மறைத்து வைத்த அடையாளம் அதுதான். மணி உட்கார்ந்தால் இடது கையை நீட்டும். மகள் பழக்கியது.

மறுநாள் புதன்கிழமை விடியற்காலை 4 மணிக்கு நாலு பேரும் போனார்கள். பாட்டியையும் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டார்கள். வீட்டில் இருந்து சுமார் 2 கிலோ மீட்டர்தான். கால்வாய்க்கு அந்தப் பக்கம். மதில் ஓரம், நின்று போன ஒரு தள்ளுவண்டிக்கு அடியில் அது படுத்திருந்தது. விலா எலும்பு தெரிந்தது. குடும்பத் தலைவர் "மணி" என்றதும் எழுந்து பத்தடி ஓடி, திரும்பி நின்று பார்த்தது.

"யாரும் போவாதீங்க" என்றார் மனைவி. தானும் போகவில்லை. பாட்டியின் பழைய புடவையைத் தரையில் விரித்தார். பக்கத்தில் கிண்ணத்தை வைத்தார். வேறு பக்கம் பார்த்துக் கொண்டு உட்கார்ந்து விட்டார். மற்றவர்கள் ஆட்டோவுக்குப் பின்னால். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். டெப்போவில் இருந்து முதல் பஸ் கிளம்பிப் போனது. நாய் வட்டம் அடித்துக் காற்றைப் பிடித்தது. புடவையில் மூக்கை வைத்தது. அப்புறம்தான் வாலாட்டியது. வாலோடு உடம்பே ஆடியது.

பாட்டி ஆட்டோவை விட்டு இறங்கி வந்து, கையில் கொண்டு வந்த பட்டையை மாட்டினார். அப்போதுதான் அவர் கையில் பட்டது. காது நுனியில் ஒரு வெட்டு. ஆறிப் போன வெட்டு.

கையில் இருந்தும் தெரியவில்லை

காதைப் பார்த்ததும் குடும்பத் தலைவருக்கு விஷயம் விளங்கி விட்டது. பிற்பாடு மையத்தில் போய்க் கேட்டபோது பதிவேடும் அதையே சொன்னது. டெப்போ தெருவில் பிடித்த செவலை ஆண் நாய், வந்து சேர்ந்த நாள் அக்டோபர் 24. அவர் கூண்டு கூண்டாகப் பார்த்து விட்டு வந்த மறுநாள்! ஆபரேஷன் நடந்திருக்கிறது. ஊசி போட்டிருக்கிறார்கள். சில நாள் வைத்திருந்து, புண் ஆறியதும் பிடித்த இடத்திலேயே கொண்டு போய் விட்டிருக்கிறார்கள்.

இதில் யார் மீதும் குற்றம் சொல்ல முடியாது. விதிப்படி எல்லாம் சரியாகவே நடந்திருக்கிறது. விதி நாயைப் பிடித்த இடத்தில் விடச் சொல்கிறது. அது எந்த வீட்டு நாய் என்று அறிய வழி இருந்தால்தானே வீட்டில் விட முடியும்! சென்னையில் 2024-ல் எடுத்த கணக்குப்படி தெரு நாய்கள் சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம். மையத்து ஊழியர் ஒவ்வொரு முகத்தையும் ஒவ்வொரு நோட்டீசோடும் ஒப்பிட்டுப் பார்ப்பது நடக்கிற காரியம் இல்லை. தேடி வருகிற குடும்பமோ ஒரு நாள்தான் லீவு போட முடியும். மையத்துக்கு ஒரு தடவை போனால் போதாது, நாள் விட்டு நாளாவது போக வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதும் இல்லை.

இந்த இடத்தில்தான் மைக்ரோ சிப் வருகிறது. 2025-ம் ஆண்டு கடைசியில் சென்னை மாநகராட்சி இந்த விஷயத்தில் கண்டிப்பு காட்டியது. வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம், வெறிநாய்த் தடுப்பூசி கட்டாயம், சிப் கட்டாயம். உரிமக் கட்டணம் 50 ரூபாய். உரிமம் இல்லா விட்டால் அபராதம் 5 ஆயிரம் ரூபாய். நவம்பரில் முடிய வேண்டிய கெடு டிசம்பர் 7, பிறகு டிசம்பர் 14 என்று தள்ளிப் போனது. கடைசி நாட்களில் மையங்களில் நாயும் சொந்தக்காரருமாக நீண்ட வரிசை. வரிசையில் நின்றவர்கள் பேச்செல்லாம் அந்த 5 ஆயிரத்தைப் பற்றியே.

அங்கே இன்னொரு பேச்சும் அடிபட்டது. "சிப் போட்டா நாய் எங்க இருக்குன்னு செல்போன்ல தெரிஞ்சிடுமாம்!" தெரியாது. சிப் என்பது அரிசி மணி அளவு. ஊசி மூலம் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கு அடியில் செலுத்துகிறார்கள். அதில் பேட்டரி கிடையாது. இருப்பது 15 இலக்க நம்பர் மட்டும். படிக்கும் கருவியைக் கிட்டக் கொண்டு போனால் அந்த நம்பர் தெரியும். நம்பரை வைத்துப் பதிவைப் பார்த்தால் சொந்தக்காரர் பெயர், செல்போன் எண் கிடைக்கும். சிம் கார்டை மாற்றி விட்டுப் பதிவை மாற்றாதவருக்கு அந்தச் சிப் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

நாயைப் பிடித்ததும், ஆபரேஷன் மேஜைக்குப் போவதற்கு முன்னால், அந்தக் கருவியை ஒரு தடவை காட்டிப் பார்க்க வேண்டும். நம்பர் வந்தால் போன் போட வேண்டும். இது வழக்கமானால் சிப் உண்மையாகவே வேலை செய்யும். உரிமம் இருக்கிறதா, அபராதம் போடலாமா என்று பார்க்க மட்டும் கருவியை எடுத்தால், மணி மாதிரி நாய்க்கு அதனால் லாபம் இல்லை. நவம்பர் 7 உத்தரவுக்குப் பிறகு இது இன்னும் அவசரமான காரியம் ஆகி விட்டது. முன்பு அடையாளம் தெரியாமல் பிடிபட்ட வீட்டு நாய் தெருவுக்காவது திரும்பி வந்தது. தேடுகிறவர் கண்ணில் படச் சந்தர்ப்பம் இருந்தது. டெப்போவில் பிடிபட்டுக் காப்பகத்துக்குள் போய் விட்டால் அந்தச் சந்தர்ப்பமும் இல்லை. மணி பிடிபட்டது உத்தரவுக்கு இரண்டு வாரம் முந்தி. அதனால் திரும்ப வந்தது.

அதே சமயம் டீக்கடைக்காரரிடமும் குப்பை வண்டி அம்மாவிடமும் சிப் படிக்கும் கருவி கிடையாது. அவர்களுக்குப் புரிவது கழுத்தில் தொங்குகிற தகடும் அதில் பொறித்த போன் நம்பரும்தான். அமெரிக்காவில் 2012-ல் வெளியான ஓர் ஆய்விலும், தொலைந்து கிடைத்த நாய்களில் ஏறக்குறைய பாதி, அக்கம்பக்கத்தில் நடந்து தேடியதால் கிடைத்தவை என்றே தெரிந்தது. தகடு, சிப் மூலம் கிடைத்தவை அதை விட மிகக் குறைவு. ஓட்டேரியிலும் அதுவே நடந்தது.

ரசீதைத் திருப்பிக் கொடுத்தார்கள்

மணியைக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். உடம்பில் மூன்று இடத்தில் கடித் தழும்பு. டாக்டர் மறுபடியும் வெறிநாய்த் தடுப்பூசி போட்டார். டிசம்பர் முதல் வாரத்தில் சிப்பும் போட்டு, உரிமமும் வாங்கி விட்டார்கள். பழைய பட்டையில் இப்போது ஒரு தகடு. பட்டறையில் குடும்பத் தலைவரே வெட்டி, இரண்டு நம்பரையும் பொறித்தது. இனி குளியலுக்கும் அதைக் கழற்றுவதில்லை என்று பாட்டி சொல்லி விட்டார். புண் வந்தால் மருந்து போட்டுக் கொள்ளலாமாம்.

தூய்மைப் பணியாளர் அம்மா சன்மானம் வாங்க மறுத்து விட்டார். வற்புறுத்தியதும், "ஒரு ஜாக்கெட் தச்சுக் குடு, போதும்" என்றார். இரண்டாகத் தைத்துக் கொடுத்தார்கள்.

மகள் பிளாஸ்டிக் உறையில் இருந்த சி.எஸ்.ஆர். ரசீதோடு அப்பாவை அழைத்துக் கொண்டு போலீஸ் நிலையம் போனாள். அதே ஏட்டு. "கிடைச்சிடுச்சா? அப்ப எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்று ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். எழுதி முடித்ததும் வாங்கிப் படித்தார். வாசலில் கயிற்றோடு உட்கார்ந்திருந்த மணியைப் பார்த்தார்.

"இதானா? கை குடுக்குமாமே?"

மணி இடது கையை நீட்டியது.